வேளச்சேரி வீட்டை விற்ற 26 மாதங்கள்

2022 ஜூன் முதல் வாரத்தில் சாமான்களை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, வேளச்சேரி வீட்டைப் பூட்டினோம். ஒரு சாவியைக் காவலாளியிடமும் இன்னொன்றைத் தரகரிடமும் கொடுத்தோம். "தீபாவளிக்குள் முடித்துவிடலாம் மேடம், நீங்கள் நிம்மதியாகக் கோயம்புத்தூர் போங்கள்" என்றார் தரகர். நானும் என் கணவரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட்டது 2024 ஆகஸ்ட் கடைசி வாரத்தில். இடையில் இரண்டு பேர் விலை பேசி முடித்து, முன்பணமும் கொடுத்து, பிறகு அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். 72 லட்சம் என்று சொல்லத் தொடங்கிய வீடு 61.5 லட்சத்துக்குப் போனது. ஊர் மாறிய பிறகு பழைய ஊரில் ஒரு வீட்டை விற்க நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று தொகைகளை மறைக்காமல் எழுதுகிறேன்.

சிங்காநல்லூரில் தனியாக இருந்த மாமியார் கீழே விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். என் கணவருக்குக் கோவையிலேயே பம்பு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்தது. மகளுக்குப் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை. மூன்றும் ஒரே மாதத்தில் கூடி வந்ததால் ஆறு வாரத்தில் ஊரைக் காலி செய்தோம். அந்த அவசரத்தில் வீட்டைத் துடைத்தோமே தவிர, அதன் காகிதங்களை ஒருவரும் எடுத்துப் பார்க்கவில்லை.

வீடு 960 சதுர அடி. கீழே வண்டி நிறுத்துமிடம், மேலே மூன்று தளங்கள், மொத்தம் 12 வீடுகள். எங்களுடையது இரண்டாவது தளம், தெற்கு பார்த்த வாசல். 2009 அக்டோபரில் பதிவுச் செலவையும் சேர்த்து 31 லட்சத்துக்கு வாங்கினோம். வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில் வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பரங்கிமலை வரையிலான மிச்சப் பாதையும் இதோ வந்துவிடும் என்று சொல்லித்தான் கட்டுநர் விற்றார். நாங்கள் வீட்டை விற்கும் நாள் வரை அந்தப் பாதையில் ரயில் ஓடவில்லை.

விலையை எப்படி முடிவு செய்தோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். அடுத்த தெருவில் இதே அளவு வீடு ஒன்று 2021-இல் 72 லட்சத்துக்குப் போனதாம். யார் சொன்னது? கீழ்வீட்டு அக்கா. அவருக்கு அவருடைய தம்பி. அந்தத் தம்பிக்கு ஒரு தரகர். அந்த 72 என்ற எண் எங்கள் மனத்தில் ஆணி அடித்ததுபோல் இறங்கிவிட்டது. செப்டம்பரில் ஒரு வங்கி ஊழியர் வந்து பார்த்துவிட்டு 65 லட்சம் என்று கேட்டார். மகள் திருமணத்துக்கு வைத்திருந்த பணம் கையில் தயாராக இருந்தது, கடன்கூட வேண்டாம் என்றார். நாங்கள் மறுத்துவிட்டோம். ஒன்றரை வருடம் கழித்துத்தான், ஒரு சொத்தின் மேல் பதிவான விற்பனைகளையும் கடன்களையும் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம், அதில் ஒவ்வொரு கிரயத்துக்கும் பத்திரத்தில் காட்டிய தொகை இருக்கும் என்பது எனக்குத் தெரிந்தது. சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் கொடுத்துத் தேடினேன். அடுத்த தெரு வீடு பதிவானது 59 லட்சத்துக்கு. பத்திரத்தில் குறைத்துக் காட்டுகிறவர்களும் உண்டு, அது முழு உண்மை என்று சொல்லமாட்டேன். ஆனால் அக்கம்பக்கத்தில் பதிவான நான்கைந்து கிரயங்களை வரிசையாகப் பார்த்தால் சந்தை எங்கே நிற்கிறது என்று புரிந்துவிடும். அரை மணி நேர வேலை. அதைச் செய்யாமல், வாய்வழி வந்த ஓர் எண்ணுக்காக அந்த வங்கி ஊழியரை அனுப்பிவிட்டோம்.

ஒரு தரகர் போதாது என்று அக்டோபரில் ஐந்து பேரிடம் சொன்னோம். அது எங்களுக்கே எதிராகத் திரும்பியது. ஒவ்வொருவரும் இணையத்தில் ஒவ்வொரு விலை போட்டார்கள். ஒருவர் 68, ஒருவர் 72, இன்னொருவர் தம் பங்கையும் ஏற்றி 75. ஒரே சமையலறைப் படம் மூன்று விலையில் கிடந்தால் வாங்க வருகிறவர் என்ன நினைப்பார்? அந்த வீட்டில் ஏதோ சிக்கல் என்றுதான் நினைப்பார். ஒருவர் தொலைபேசியில் என்னிடமே கேட்டார்: "அம்மா, உண்மையான விலை எது என்று உங்களுக்காவது தெரியுமா?" அன்றிரவே மூன்று பேரிடம் விளம்பரத்தை நீக்கச் சொன்னேன். நீக்க வைக்க இரண்டு மாதம் ஆனது.

பூட்டிய வீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆளில்லாத வீடு சும்மா கிடப்பதில்லை, அது ஒவ்வொரு நாளும் கெடுகிறது. கழிவறையிலும் வாஷ்பேசினிலும் குழாயின் வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடை நாற்றம் வீட்டுக்குள் வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். ஒரு மாதம் யாரும் குழாயைத் திறக்காவிட்டால் அது வற்றிவிடும். பிறகு கதவைத் திறந்தவுடன் முதலில் வருவது நாற்றம், பின்னாலேயே கரப்பான் பூச்சிகள். தரகர் ஆட்களைக் கூட்டி வந்து காட்டியபோதெல்லாம் வீடு இந்த நிலையில் இருந்திருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியாது. யாரோ ஒருவர் பால்கனிக் கதவைச் சாத்தாமல் போயிருக்கிறார். ஐப்பசி மழை முழுவதும் உள்ளே அடித்து, படுக்கையறைக் கதவு ஊதிப்போய்ச் சாத்த முடியாமல் நின்றது. மேல்வீட்டுக் குளியலறைக் கசிவு எங்கள் கூடத்துச் சுவரில் ஒரு பெரிய பழுப்பு வட்டம் போட்டிருந்தது. டிசம்பரில் சேரன் எக்ஸ்பிரஸில் போய் இறங்கி, காலையில் கதவைத் திறந்து நின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. மகளின் உயரத்தை வருடாவருடம் பென்சிலால் குறித்து வைத்திருந்த சுவர் அது.

அன்று ஓர் ஏற்பாடு செய்தேன். காவலாளியின் மனைவிக்கு மாதம் 1,000 ரூபாய். வாரம் இரண்டு முறை சன்னல்களைத் திறந்து வைத்து, எல்லாக் குழாய்களையும் இரண்டு நிமிடம் ஓடவிட்டு, பெருக்கித் துடைத்து, கைப்பேசியில் நான்கு படம் எடுத்து அனுப்ப வேண்டும். அந்தப் பெண் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. பென்சில் கோடுகள் இருந்த இடத்தை மட்டும் விட்டு வண்ணம் அடித்து, கசிவைச் சரி செய்ய 60,000 ரூபாய் ஆனது. ஊரைவிட்டுக் கிளம்பும்போதே இதைச் செய்திருக்கலாம்.

ஜனவரியில், தை பிறந்ததும், 67 லட்சத்துக்கு ஒரு தம்பதி ஒப்புக்கொண்டார்கள். இரண்டு லட்சம் முன்பணம். வீட்டுக்கடனுக்கு விண்ணப்பித்தார்கள். மூன்றாவது வாரம் அவர்களுடைய வங்கியின் வழக்கறிஞர் ஒரு நீண்ட பட்டியல் அனுப்பினார். எங்கள் மனை 1981-இல் ஒருவர் வாங்கியது. அவர் இறந்த பின் வாரிசுகள் கட்டுநருக்கு அதிகாரம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 1981-ஆம் ஆண்டுப் பத்திரத்தின் நகல் எங்கே? இறப்புச் சான்று எங்கே? வாரிசுச் சான்று எங்கே? எங்களிடம் இருந்த பத்திரம் நிலத்தின் பிரிபடாத பாகத்துக்கு, அதாவது 12 வீட்டாருக்கும் பொதுவான மனையில் எங்கள் பங்குக்கு, மட்டுமானது. அந்தக் காலத்தில் பெரும்பாலும் அப்படித்தான் பதிவு செய்தார்கள், கட்டடத்துக்குத் தனியாக ஒரு கட்டுமான ஒப்பந்தம் இருக்கும். அந்த ஒப்பந்தம் எங்கே? மின் இணைப்பு ஏன் இன்னும் கட்டுநர் பெயரில் இருக்கிறது?

எங்களிடம் இருந்த ஒரே பதில், "2009-இல் ஒரு வங்கி எங்களுக்குக் கடன் கொடுத்ததே" என்பதுதான். அது பதிலே இல்லை என்று வழக்கறிஞர் பொறுமையாக விளக்கினார். ஒவ்வொரு வங்கியும் தன் வழக்கறிஞரை வைத்துப் புதிதாகப் பார்க்கும். பதின்மூன்று வருடங்களுக்கு முன் ஒருவருக்குப் போதுமாக இருந்த காகிதம் இன்று இன்னொருவருக்குப் போதாது. கட்டுநர் நிறுவனத்தை மூடிவிட்டுப் போயிருந்தார். கோவையில் இருந்துகொண்டு தொலைபேசியில் யாரை எங்கே தேடுவது? ஆறு வாரம் பொறுத்த அந்தத் தம்பதி, "எங்கள் வாடகை ஒப்பந்தம் முடிகிறது, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி விலகினார்கள். அவர்கள் மீது தவறே இல்லை. முன்பணத்தை அன்றே திருப்பி அனுப்பினோம்.

காகிதங்களைத் திரட்டி முடிக்க ஏப்ரல் ஆனது. 1981-ஆம் ஆண்டு மூலப் பத்திரத்தின் சான்றிட்ட நகலைப் பதிவுத்துறையில் மனு போட்டு வாங்கினோம். வாரிசுச் சான்றும் இறப்புச் சான்றும் முதல் தளத்தில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் இரும்புப் பெட்டியில் இருந்தன. 2009-இல் கட்டுநர் கொடுத்த முழுக் கட்டையும் அவர் நகலெடுத்துப் பத்திரமாக வைத்திருந்தார். கட்டுமான ஒப்பந்தமும் கட்டுநருக்குப் பணம் கட்டிய ரசீதுகளும் எங்கள் பரணிலிருந்த ஒரு பையில் கிடைத்தன. அந்த ரசீதுகள் பிறகு வேறொரு சமயத்தில் எங்களைக் காப்பாற்றின, அதைக் கீழே சொல்கிறேன். மின் இணைப்பையும் சொத்து வரியையும் எங்கள் பெயருக்கு மாற்றினோம். எல்லாவற்றையும் வருட வரிசைப்படி அடுக்கி, ஸ்கேன் செய்து, ஒரே கோப்பாக வைத்தோம். பிறகு 5,000 ரூபாய் கட்டணம் கொடுத்து, நாங்களே ஒரு வழக்கறிஞரிடம் சட்டக் கருத்துரை வாங்கினோம். குறை ஏதும் இருந்தால் வாங்குகிறவருடைய வங்கி கண்டுபிடிப்பதற்கு முன் நாம் கண்டுபிடித்துவிட வேண்டும். ஊரில் இருந்தபோது செய்திருந்தால் இரண்டு வாரத்தில் முடிந்திருக்கும் வேலை இது.

இந்த இடைவெளியில் இரண்டு விதமான ஆட்கள் வந்தார்கள். ஒருவர், பத்திரத்தில் 45 லட்சம் காட்டலாம், மிச்சத்தை ரொக்கமாகத் தருகிறேன் என்றார். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம், அதுவும் வாங்கிய நம் தலையில். இன்னொருவர் தரகர். "நீங்கள் அலைய வேண்டாம், என் பெயருக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுங்கள், நானே விற்றுப் பணம் அனுப்புகிறேன்" என்றார். சோர்ந்து போயிருந்த அந்த நாளில் என் கணவர்கூட ஒரு நிமிடம் யோசித்தார். நான் ஒரேயடியாக மறுத்துவிட்டேன். அப்படி எழுதிக் கொடுத்தால் யாருக்கு, என்ன விலைக்கு என்பதெல்லாம் அவர் கைக்குப் போய்விடும். வேறு வழியே இல்லையென்றால் உடன்பிறந்தவருக்கோ பெற்றோருக்கோ, இந்த ஒரு வேலைக்கு மட்டும் என்று வரையறுத்து எழுதிக் கொடுக்கலாம். அறிமுகமில்லாதவருக்கு ஒருபோதும் கூடாது.

2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணம் 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைந்தது. அதே சமயம், பத்திரப் பதிவுக்கு அரசு வைக்கும் குறைந்தபட்ச நில மதிப்பான வழிகாட்டி மதிப்பை 2017-க்கு முன்பிருந்த அளவுக்கு உயர்த்தினார்கள். இதைப் பற்றிய அறிவிப்பு மார்ச்சில் வந்ததுமே, விலை பேச வந்தவர்கள் எல்லாம் ஏப்ரல் கழியட்டும் என்று நின்றுவிட்டார்கள். கோவையில் 15,000 வாடகை, சென்னையில் மாதம் 14,000 வங்கித் தவணை, 2,500 பராமரிப்புத் தொகை. தாங்க முடியாமல் மே மாதம் வீட்டை 17,000 ரூபாய்க்குப் பதினோரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு விட்டோம். வீட்டை விற்கப் போகிறோம், ஞாயிறு காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை ஆட்கள் பார்க்க வருவார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதினோம். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் வாடகைதாரரோடு சண்டைதான் வந்திருக்கும். குடித்தனம் இருக்கும் வீடு விற்காது என்று தரகர்கள் பயமுறுத்தினார்கள். எங்கள் அனுபவம் வேறு. சமையல் வாசனையும் துணி காயும் பால்கனியும் உள்ள வீட்டைப் பார்த்தவர்கள், காலி வீட்டைப் பார்த்தவர்களைவிட அதிக நேரம் உள்ளே நின்றார்கள்.

இனி நான் வெட்கத்தோடு சொல்ல வேண்டிய பகுதி. வேளச்சேரி என்றவுடன் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, மழைத் தண்ணீர் வருமா என்பதுதான். 2015 டிசம்பரில் எங்கள் வண்டி நிறுத்துமிடத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. தூண்களில் அதன் கோடு நான்கு வருடம் இருந்தது. 2019-இல் வண்ணம் அடித்தபோது அது மறைந்தது. 2023 நவம்பரில் ஒரு மென்பொருள் ஊழியர் 66 லட்சத்துக்கு ஒப்புக்கொண்டார். அவர் தம் தாயோடு வந்து பார்த்தபோது நான் காணொளி அழைப்பில் இருந்தேன். அந்த அம்மா தண்ணீரைப் பற்றிக் கேட்டார். "இந்தத் தெருவுக்குத் தண்ணீரே வராது அம்மா" என்றார் தரகர். எனக்கு நன்றாகக் கேட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழை கொட்டியது. மறுநாள் காவலாளி கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபடி பேசினார். முழங்காலுக்கு மேல் தண்ணீர், மின்சாரம் இல்லை, வாடகைதாரரின் இரண்டு வண்டிகளும் மூழ்கிவிட்டன. மின்சாரம் நான்காம் நாள்தான் வந்தது. ஒரு வாரம் கழித்து அந்த மென்பொருள் ஊழியர் என்னை அழைத்தார். கோபமாகப் பேசியிருந்தால்கூட எனக்கு எளிதாக இருந்திருக்கும். அமைதியாகச் சொன்னார்: "தண்ணீர் வந்ததற்காக இல்லை மேடம். சென்னையில் எங்கேதான் வரவில்லை? வராது என்று சொன்னீர்களே, அதற்காகத்தான். இனி நீங்கள் காட்டும் பத்திரத்தை நான் எப்படி நம்புவது?" அவர் கேட்டதில் ஒரு சொல்லைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. முன்பணத்தை அனுப்பிவிட்டு மன்னிப்புக் கேட்டேன். பிறகு மார்கழி. பதிவு பேச யாரும் வராத மாதம். அந்த மாதம் முழுவதும் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

தை மாதம் நான் மட்டும் சென்னை போய் ஐந்து நாள் ஓர் உறவினர் வீட்டில் தங்கினேன். இரண்டு மழைக்கும் தண்ணீர் எந்த உயரத்தில் நின்றது, எத்தனை நாள் நின்றது, மின்சாரம் எத்தனை நாள் இல்லை, இரண்டாவது தளத்துக்கு என்ன பாதிப்பு, என்ன பாதிப்பு இல்லை என்று ஒரு பக்கத்தில் எழுதினேன். 2015-இலும் 2023-இலும் எடுத்த படங்களை நாள் குறித்து இணைத்தேன். குடியிருப்புச் சங்கம் மின்பெட்டியை உயர்த்தி அமைத்ததையும், தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியான சம்ப்பின் மூடியை உயர்த்திக் கட்டியதையும் படமெடுத்தேன். சட்டக் கருத்துரை, வில்லங்கச் சான்று, இந்தத் தண்ணீர்க் குறிப்பு மூன்றையும் ஒரே கோப்பில் வைத்து, வீட்டைப் பார்க்க வருகிற எவருக்கும் அவர் கேட்கும் முன்பே கொடுப்பது என்று முடிவு செய்தேன். தரகர்கள் இருவர் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவர்களை விட்டுவிட்டேன். குடியிருப்பின் வெளிக்கதவிலும், தெருமுனை மருந்துக்கடையிலும், மகள் படித்த பள்ளிக்கு எதிரிலிருந்த ஜெராக்ஸ் கடையிலும் ஒரு தாள் ஒட்டினேன்: விற்பனைக்கு, உரிமையாளரிடம் நேரடியாக, விலை 64 லட்சம்.

வீட்டுக்கடனில் 6.4 லட்சம் பாக்கி இருந்தது. எங்கள் அசல் பத்திரம் வங்கியில் இருக்கும்வரை வாங்க வருகிறவருக்கு ஒரு தயக்கம் இருந்துகொண்டே இருக்கும். மார்ச் முதல் வாரம் கோவையில் நகைகளை அடகு வைத்துக் கடனை அடைத்தோம். பத்திரம் வேறு ஊரிலுள்ள காப்பறையில் இருக்கிறது, 45 நாள் ஆகும் என்றார்கள். கடன் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் தர வேண்டும், தாமதமானால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்ற ரிசர்வ் வங்கியின் உத்தரவு 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்தேன். 26-ஆம் நாள் பத்திரம் கைக்கு வந்தது. வாங்கும்போது, கடன் எடுத்த நாளில் அவர்கள் கொடுத்த ஆவணப் பட்டியலோடு ஒவ்வொரு தாளையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். இதோடு வேலை முடியவில்லை. கடன் வாங்கியபோது ஆவண ஒப்படைப்பைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்திருந்தார்கள். அதை நீக்க ஒரு ரசீது ஆவணத்தைப் பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வில்லங்கச் சான்றில் கடன் அப்படியே நிற்கும். அதற்கு அப்போது வங்கியிலிருந்து ஒருவர் நேரில் வர வேண்டியிருந்தது. அவருடைய நாளுக்கு எங்கள் ரயில் டிக்கெட் பொருந்த வேண்டியிருந்தது.

ஜெராக்ஸ் கடைத் தாளைப் பார்த்துத்தான் அவர்கள் வந்தார்கள். பக்கத்துத் தெருவில் எட்டு வருடமாகத் தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்த குடும்பம். பையன் அந்தப் பள்ளியில் ஏழாம் வகுப்பு. மிக்ஜாமில் அவர்கள் வீட்டுக் கட்டில் வரை தண்ணீர் ஏறி, பையனின் புத்தகங்களும் குளிர்சாதனப் பெட்டியும் போயிருந்தன. நான் நீட்டிய தண்ணீர்க் குறிப்பை அந்தப் பெண் முழுவதும் படித்தார். "அக்கா, இது எங்களுக்குத் தெரிந்த தண்ணீர்தான். இரண்டாவது மாடிக்கு அது வராது, அது போதும்" என்றார். இரண்டு வருடமாக நாங்கள் எங்கெங்கோ தேடியவர்கள் அந்த வீட்டிலிருந்து நானூறு அடி தூரத்தில் இருந்திருக்கிறார்கள். பள்ளியை விடவும் முடியாது, தரைத்தளத்தில் இருக்கவும் முடியாது என்ற நிலையில் இருந்த அந்தக் குடும்பத்துக்கு எங்கள் வீடு ஒரு தீர்வாக இருந்தது. மற்றவர்களை விரட்டிய கேள்வியே இவர்களை அழைத்து வந்தது.

61.5 லட்சத்தில் முடிந்தது. என் கணவர் 63-க்குக் கீழே வேண்டாம் என்றார். அன்றிரவு ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அதுவரை வீடு காலியாகக் கிடந்த மாதங்களின் வாடகை மட்டும் இரண்டு லட்சத்துக்கு அருகில். ரயிலில் போய்வந்தது பதினான்கு முறை. பழுது, வண்ணம், பராமரிப்புத் தொகை என்று இன்னொரு லட்சத்துக்கு மேல். ஒன்றரை லட்சத்துக்காக இன்னும் ஒரு மழைக்காலத்தை இங்கிருந்து பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது என்றேன். அவர் தாளை மடித்து வைத்துவிட்டுச் சரி என்றார்.

மே மாதம் கிரய ஒப்பந்தம் எழுதினோம். ஐந்து லட்சம் முன்பணம். வங்கி எங்கள் ஆவணங்களை ஏற்காவிட்டால் முழுத் தொகையையும் 15 நாளில் திருப்புவது, அவர்களாக விலகினால் 50,000 பிடித்துக்கொள்வது, 90 நாள் கெடு. எல்லாம் தெளிவாக எழுதப்பட்டது. அவர்களுடைய வழக்கறிஞர் நான்கே நாளில் ஒப்புதல் கொடுத்தார். கோப்பைப் பார்த்துவிட்டு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கடன் தொகை வர ஜூலை இரண்டாவது வாரம் ஆனது. அதற்குள் ஆடி பிறக்கப் போகிறது, ஆவணியில் பதிவு செய்யலாம் என்றார்கள் அவர்கள் வீட்டுப் பெரியவர்கள். நாங்களும் கெடுவை நீட்டித்து எழுதிக் கொடுத்தோம்.

அந்த இடைவெளியில்தான் ஜூலை 23 அன்று மத்திய பட்ஜெட் வந்தது. சொத்து விற்ற லாபத்துக்கு, பணவீக்கத்துக்கு ஏற்ப வாங்கிய விலையை உயர்த்திக் கணக்கிட்டு 20 சதவீத வரி என்று இருந்ததை, அந்த உயர்த்தல் இல்லாமல் 12.5 சதவீதம் என்று மாற்றினார்கள். எங்கள் கணக்கில் இதன் பொருள் என்ன? அந்த உயர்த்தலுக்கு அரசு வெளியிடும் குறியீட்டெண் 2009-10 நிதியாண்டுக்கு 148, 2024-25-க்கு 363. பழைய முறையில் 31 லட்சம் 76 லட்சமாக உயர்ந்துவிடும், லாபமே இல்லை, வரியும் இல்லை. புதிய முறையில் 30.5 லட்சம் லாபம், வரி நான்கு லட்சத்தை ஒட்டி. ஜூலை 10 அன்று பதிவு செய்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை. இரண்டு வாரம் எங்கள் வீட்டில் ஒருவரோடு ஒருவர் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. ஆகஸ்ட் 7 அன்று மக்களவையில் நிறைவேறிய திருத்தம், அந்த ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு, மனைகளுக்கு இரண்டு முறைகளில் எதில் வரி குறைவோ அதைக் கட்டலாம் என்று தனிநபர்களுக்கு வழிவிட்டது. அப்போதும் எங்கள் தணிக்கையாளர் ஒன்று கேட்டார்: 31 லட்சத்துக்கு ஆதாரம்? பத்திரத்தில் நிலத்தின் பாகத்துக்கான தொகை மட்டும்தானே இருக்கிறது? பரணில் கிடைத்த கட்டுமான ஒப்பந்தமும் ரசீதுகளும் அன்றைக்குத்தான் கைகொடுத்தன. பழைய வீடு வைத்திருப்பவர்கள் அந்த ரசீதுகளை இன்றே தேடி எடுத்து வையுங்கள்.

பதிவு நாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆவணியின் முகூர்த்த நாள் என்பதால் கூட்டம். கிரயத் தொகை 50 லட்சத்துக்கு மேல் என்பதால் வாங்குகிறவர்கள் ஒரு சதவீதம், 61,500 ரூபாய், வருமான வரியாகப் பிடித்துக் கட்டினார்கள். விற்றவர்கள் இருவர், வாங்கியவர்கள் இருவர், ஆகவே ஒவ்வொரு இணைக்கும் ஒன்றாக நான்கு படிவங்கள். இது முன்பே தெரியாததால் காலை முழுவதும் அதில் போனது. மாலை நான்கு மணிக்குக் கைரேகை வைத்து வெளியே வந்தோம். சாவிகளோடு தண்ணீர்க் குறிப்பின் அசலையும் கொடுத்தேன். அதன் கடைசி வரியில், கனமழை எச்சரிக்கை வந்தால் முதல் நாளே வண்டியை மேம்பாலத்தில் விட்டுவிடுங்கள் என்று எழுதியிருந்தேன்.

அக்டோபர் 15 அன்று சென்னைக்குக் கனமழை என்று செய்தி வந்தது. பழக்கம் போகவில்லை, காலையிலேயே கை தானாக அந்தப் பெண்ணின் எண்ணுக்குப் போனது. "வண்டியை நேற்றே மேம்பாலத்தில் விட்டுவிட்டோம் அக்கா. கீழே கணுக்கால் அளவுதான் நிற்கிறது. பையன் உங்கள் பென்சில் கோடுகளுக்குப் பக்கத்தில் தன் உயரத்தைக் குறித்துக்கொண்டிருக்கிறான், அந்தச் சுவருக்கு மட்டும் நாங்கள் வண்ணம் அடிக்கவில்லை" என்றார்.